மத்தாப்பு மேல் விழுந்த பழி

வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலப்பது, முகமூடியை எப்படி மாட்டுவது என்பதையெல்லாம் கம்பெனியில் சொல்லித் தந்துவிடுவார்கள். நான் அதற்குள் போகப் போவதில்லை. சாத்தூரில் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறுகிற வரை, பூச்சிகளோடு பட்ட பாட்டைவிட மனிதர்களோடு பட்ட பாடுதான் எனக்கு அதிகம். கரப்பானுக்கு மருந்து இருக்கிறது. “எங்க வீட்ல கரப்பானே கிடையாது, எல்லாம் பக்கத்து வீட்டுலருந்து வர்றது” என்று சொல்கிறவர்களுக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

நான் மருந்து டின்னோடு வாசலில் போய் நின்றால் பாதிப் பேர் எனக்குப் பின்னால் யாராவது ஆம்பளை வருகிறானா என்று எட்டிப் பார்ப்பார்கள். பீரோவைத் திறக்க வேண்டி வந்தால் மட்டும் அதே ஆட்கள் “அந்த அக்காவை உள்ள வரச் சொல்லுங்க” என்பார்கள். அதனால் துணிமணி சம்பந்தப்பட்ட வேலையெல்லாம் கடைசியில் என் தலையில்தான் விழும். அந்துப்பூச்சி என்றாலே கம்பெனியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்துப்பூச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அது நம் ஊர்ப் பருத்தியைச் சீந்தாது. பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் பருத்திதான் உடுத்துவார்கள், அதிலும் தினம் துவைப்பார்கள். ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டிப் பக்கத்து வீடுகளில் எனக்கு எலியும் கரையானும்தான் வேலை தரும். அந்துப்பூச்சிக்கு வேண்டியது கம்பளியும் பட்டும். அதாவது கொஞ்சம் வசதியான வீடு, அதிலும் வாங்கி வைத்துவிட்டு மறந்துபோகிற வீடு. பறக்கிற பூச்சி ஒன்றும் தின்னாது. அது இடுகிற முட்டையிலிருந்து வருகிற புழுதான் தின்னும். பூச்சியை அடித்துக் கொன்றுவிட்டு நிம்மதியாகப் படுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது கனகாவின் கதைக்கு வருகிறேன். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. சிவகாசியிலிருந்து ஒரு போன். குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது, காற்று இரைச்சல் வேறு. மொட்டைமாடியில் ஒளிந்து நின்று பேசுகிறாள் என்று புரிந்துகொண்டேன். விஷயம் இதுதான். தீபாவளிக்கு மாமியார் தன்னுடைய முகூர்த்தப் பட்டை மருமகளுக்குக் கட்டக் கொடுத்திருக்கிறார். அரக்கு நிறம், நல்ல கனமான ஜரிகை. பொங்கலுக்குக் கட்டலாமென்று இப்போது பீரோவிலிருந்து எடுத்து விரித்தால் அங்கங்கே ஓட்டை. பார்த்த உடனே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பட்டைக் கட்டிக்கொண்டு மத்தாப்புக் கொளுத்தியிருக்கிறாள், பொறி விழுந்திருக்கிறது, சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிட்டாள்.

வேறு ஊராக இருந்தால் ஓட்டையைப் பார்த்ததும் எலியா, ஆணியா என்று யோசிப்பார்கள். நம் ஊரில் துணியில் ஓட்டை என்றால் பொறிதான். தீபாவளிச் சட்டையில் பொறி விழாமல் வளர்ந்த பிள்ளை இந்தப் பக்கம் உண்டா? அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் அதோடு நிற்காமல் தெருவில் நாலு பேரிடம் சொல்லி, கோவில்பட்டியில் இருக்கும் சம்பந்திக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அதுதான் வினை.

“சேலை போனாப் போகட்டும்க்கா. எங்க அப்பாகிட்ட, உங்க பிள்ளை பொய் சொல்லுதுன்னு சொல்லிட்டாக. நான் கொளுத்தவே இல்ல. என்னை நம்பலைன்னா நான் ஊருக்குப் போயிருவேன், இந்தப் பொங்கலுக்கு இங்கன இருக்க மாட்டேன்” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, “அக்கா, நீங்க வந்து பூச்சிதான்னு சொல்லிருங்க” என்றாள்.

இந்த இடத்தில்தான் உங்களை நிற்கச் சொல்கிறேன். பாவமாக இருக்கிறது என்று “சரிம்மா, சொல்லிடுறேன்” என்று ஒத்துக்கொள்வது ரொம்ப எளிது. நான் சொன்னேன்: “வந்து பாக்கேன். பூச்சின்னா பூச்சின்னு சொல்லுவேன். பொறின்னா பொறின்னுதான் சொல்லுவேன். சரியா?”

  “வாங்க” என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு அவள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் நானும் வேல்சாமியும் போனோம். வேல்சாமி என்னோடு மருந்து அடிக்க வருகிற ஆள். வேலையில் தங்கம், வாய் மட்டும் நிற்காது. வாசலிலேயே கனகாவின் வீட்டுக்காரர் எங்களை மடக்கிவிட்டார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ் வைத்திருப்பவர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் தொழில் நடத்துகிறவர் எல்லாருமே நமக்கு அண்ணாச்சிதான்.

“அக்கா, என்னவா இருந்தாலும் பூச்சின்னு சொல்லி, வீடு பூரா புகை போட்டு விட்டுருங்க. பில்லு எம்புட்டு ஆனாலும் சரி. எனக்கு வீட்ல சத்தம் ஓயணும், அம்புட்டுதான்.”

“அண்ணாச்சி, இந்தத் தெருவுல புகையக் கிளப்புனா சத்தம் ஓயாது. இனிமேதான் ஆரம்பிக்கும்” என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பாகச் சொன்னாலும் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. என் தங்கை தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் வேலை பார்க்கிறாள். தூரத்தில் எங்கேயாவது புகை தெரிந்தால் என் கை தானாகப் போனைத் தேடும். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு கை இருக்கிறது. நம் மிஷினைப் போட்டு ஜன்னல் வழியாகப் புகை போனால், எத்தனை பேர் வெடி விபத்தோ என்று பதறி ஓடி வருவார்கள் என்று யோசிக்க வேண்டும். தெருவில் வீடுவீடாகச் சொல்லாமல் நான் ஒருநாளும் புகை போட்டதில்லை. நீங்களும் போடாதீர்கள்.

உள்ளே மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். பட்டு அவர் மடியிலேயே இருந்தது.

“வாம்மா. உன்னைக் கூப்பிட்டது யாருன்னு எனக்குத் தெரியும். கூலி குடுக்கிறவ பக்கந்தான பேசுவ. சொல்லு, என்ன சொல்லச் சொன்னா?”

கனகா கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.  கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பை கட்டித் தயாராக இருந்தது. நான் சேலையை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் முதலில் மத்தாப்புதான் கண்ணில் பட்டது. நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. பிறகு ஒரு ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பட்டில் நெருப்புப் பட்டால் ஓரம் கருகிச் சுருண்டு, விரலுக்குச் சொரசொரவென்று இருக்கும். இது மெத்தென்று இருந்தது. கருப்பே இல்லை. ஓட்டையைச் சுற்றி, இன்னும் ஓட்டை விழாத இடத்திலும் மேலாகச் சுரண்டின மாதிரி இழை மெலிந்திருந்தது. மடிப்புக்குள் அரக்கு நிறத்திலேயே மணல் போலத் துகள். புழு எந்த நிறத் துணியைத் தின்கிறதோ, அதன் கழிவும் அந்த நிறத்தில்தான் இருக்கும். சந்தேகமே இல்லை, அந்துப்பூச்சி.

வேல்சாமிக்கும் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கப் போனான். நான் அவன் காலை மிதித்தேன்.

ஏன் மிதித்தேன்? நான் சொன்னால் அந்த அம்மா நம்பப் போவதில்லை. அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டாரே. நான் விளக்க விளக்க, ‘நல்லாப் படிச்சுக் குடுத்திருக்கா’ என்றுதான் நினைப்பார். துகளைக் காட்டினால் தூசி என்பார். கருகல் இல்லையே என்றால் துவைத்திருப்பாள் என்பார். அவர் கண்ணே அவருக்குச் சொன்னால்தான் உண்டு. என்ன செய்வது என்று தெரியாமல் சேலையை ஒரு முனையிலிருந்து கையில் அளந்துகொண்டே வந்தேன். ஓட்டைகள் சேலை முழுக்க இல்லை. ஒரு முனைப் பக்கமாகவே கூட்டமாக இருந்தன. முந்தானையில் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

“அம்மா, தீபாவளிக்கு இவ எப்படிக் கட்டியிருந்தா?” என்று கேட்டேன்.

“நான்தான் கட்டிவிட்டேன். இவளுக்கு இம்புட்டுக் கனமான பட்டைக் கட்டத் தெரியாதே.”

“அப்ப இன்னிக்கும் ஒருக்காக் கட்டி விடுங்க. அன்னிக்குக் கட்டுன மாதிரியே. பொறி எங்கன இருந்து விழுந்திருக்கும்னு நான் பாக்கணும்.”

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்தார். அண்ணாச்சியும் வேல்சாமியும் வெளியே போய்விட்டார்கள். கனகா சிலை மாதிரி வந்து நின்றாள். ரெண்டு பேரும் அந்தச் சண்டைக்கு அப்புறம் ஒருவரையொருவர் தொட்டே இருக்க மாட்டார்கள். இப்போது ஒருத்தி கட்ட, ஒருத்தி நிற்க, அறையில் பட்டு சரசரக்கிற சத்தம் மட்டும்.  நான் நினைத்தது தப்பாக இருந்தால், அந்தப் பெண்ணை நானே மாட்டிவிட்டவள் ஆவேன்.

மாமியார் முதல் சுற்றை இடுப்பில் செருகினார். ஓட்டைகள் உள்ளே போயின. மேல் சுற்று வந்து மூடிக்கொண்டது. கொசுவம் பிடித்துச் செருகி, முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுவிட்டு, பழக்கத்தில் ஓர் எட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தார்.

ஓர் ஓட்டைகூடத் தெரியவில்லை.

அவர் கனகாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து கரையைப் பார்த்தார். கொசுவத்தை விரித்துப் பார்த்தார். பொறி விழுவதென்றால் அங்கேதான் விழ வேண்டும். ஒன்றும் இல்லை. பிறகு மேல் சுற்றைக் கொஞ்சம் விலக்கி, இடுப்போரம் உள்ளே மறைந்திருந்த ஓட்டையைப் பார்த்தார். மறுபடியும் மூடினார்.

“உள் சுத்துல போயி எப்பிடிப் பொறி விழும்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.  கனகாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. நல்ல கெட்டிக்காரப் பெண்.

இதோடு முடிந்தது என்று சந்தோஷப்படுகிறீர்களா? பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தோம். “அப்ப பூச்சிதானா? அது எங்கருந்து வந்துச்சு?” என்று அந்த அம்மா கேட்கவும், வேல்சாமி உள்ளே வரவும் சரியாக இருந்தது. பீரோவுக்கு ஒட்டினாற்போல் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி. மூடி சரியாகப் பொருந்தவில்லை. ஓரத்தில் வெள்ளையாக நூலாம்படை மாதிரி இழையோடி இருந்தது. “யக்கா, இந்தா இருக்குல்லா!” என்று அவன் பெட்டியைப் பிடித்து இழுத்துவிட்டான்.

“அதைத் தொடாதலே!”

அந்த அம்மா போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது. வேல்சாமி பெட்டியை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

பெட்டியில் இருந்தவை அந்த அம்மாவுடைய வீட்டுக்காரரின் சால்வைகள். பட்டாசு ஏஜெண்டாக இருந்தவர். தை பிறந்தால் ஆர்டர் எடுக்க டில்லி, கான்பூர், லூதியானா என்று வடக்கே போய்விடுவார். குளிர்காலம் அல்லவா, அங்கே இருக்கிற வியாபாரிகள் ஆளுக்கொரு கம்பளிச் சால்வை போர்த்தி அனுப்புவார்கள். இந்த வெயிலில் அதை எங்கே போர்த்துவது? பெட்டியில் போய்ச் சேரும். இப்போது அவர் இல்லை. அவர் இறந்த பிறகு அந்த அம்மா பெட்டியை யாரையும் தொட விடவில்லை. துவைக்கவும் இல்லை. அவர் வாசனை போய்விடுமாம். மேலே ரெண்டு சூடக்கட்டியைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்.

இருட்டு, கம்பளி, மனித வியர்வை, வருஷக் கணக்கில் யாரும் தொடாத அமைதி. அந்துப்பூச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். ‘பூச்சி உங்க பெட்டியிலிருந்துதான் வந்தது’ என்று நான் சொல்லிவிட்டால் பழி மருமகளிடமிருந்து மாமியாருக்கு மாறும், அவ்வளவுதான். அந்த அம்மா இறங்கி வருவாரா? சபையில் தோற்றுப்போன மனுஷி எந்தக் காலத்தில் இறங்கி வந்தாள்? நம் தொழிலில் யார் வீட்டுக்குப் போனாலும் ‘உங்களால்தான் வந்தது’ என்ற சொல் மட்டும் வாயில் வரவே கூடாது. வந்துவிட்டால் பூச்சி போகும், பகை தங்கிவிடும்.

நான் வேல்சாமியைப் பிரஷ்ஷும் பெரிய பாலிதீன் உறைகளும் கொண்டுவர அனுப்பினேன். தரையில் உட்கார்ந்தேன். “அம்மா, ஐயாவோட சால்வையக் காப்பாத்தணும்னா இப்பவே தொறக்கணும். நீங்களே தொறங்க. நான் கை வைக்க மாட்டேன்” என்றேன். அது தந்திரம் இல்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது.

அவர் சாவியைப் போட்டார். மேலே இருந்த சால்வை எடுக்கும்போதே சல்லடையாகக் கையோடு வந்தது. ஒரு சின்னப் பொன்னிறப் பூச்சி எழும்பி இருட்டு மூலைக்கு ஓடியது. அந்த அம்மா சால்வையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். 

“அப்ப நான்தான் வளத்தேனா?”

“வளக்கலம்மா. நிம்மதியா இருக்க விட்டுட்டீக. அதுக்கு அதுவே போதும்” என்றேன்.

அப்போதுதான் கனகா வாயைத் திறந்தாள். “நானும் அன்னிக்கு வேர்வையோட உடனே மடிச்சுக் குடுத்துட்டேன் அத்தை. நெழல்ல ஒரு பொழுது போட்டு எடுத்திருக்கணும். இடுப்புல வேர்த்த எடத்தைத்தான் தின்னுருக்கு.”

பிள்ளைகளே, அவள் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஜெயித்துவிட்டிருந்தாள். அப்பாவுக்குப் போன் போட்டு மாமியாரையே பேசச் சொல்லியிருக்கலாம். அவள் பாட்டுக்குப் பட்டை அவிழ்த்து வைத்துவிட்டு, சாதாரணச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தாள். “மாடிக்குக் கொண்டுபோவோம் அத்தை. நல்ல வெயில் அடிக்கி.” அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை நேரத்தில் அழக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் வேலைதான். பங்குனி வெயிலுக்கு ஈடான பூச்சி மருந்தை எந்தக் கம்பெனியும் இன்னும் டின்னில் அடைக்கவில்லை. சால்வைகளை மாடியில் விரித்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரஷ் போட்டு உதறினோம். தேறாததை உறையில் கட்டிக் குப்பைக்குக் கொடுத்தோம். தேறியதைத் துவைத்துக் காயவைத்து, காற்றுப் புகாத உறையில் போடச் சொன்னேன். பட்டை நேர் வெயிலில் காட்டினால் நிறம் போய்விடும். அதை உறையில் இறுக்கக் கட்டிச் சில நாள் பிரிட்ஜின் ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன், உள்ளே முட்டை இருந்தாலும் சாகும். “ஐஸ்கிரீம் வைக்கிற எடத்துல முகூர்த்தப் பட்டா!” என்று அண்ணாச்சி வாயைப் பிளந்தார். பீரோவின் மூலை, கட்டிலுக்கடியில் இருந்த சந்து, இவற்றில் மட்டும் வேல்சாமி துடைத்து மருந்து வைத்தான். புகை இல்லை. பில்லும் சின்னதுதான், அதில் கம்பெனிக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்.

மாடியில் உதற உதற, கனகா ஒவ்வொரு சால்வையாகத் தூக்கிக் காட்டி, “அத்தை, இது மாமா எந்த ஊர்ல வாங்குனது?” என்று கேட்டாள். முதலில் ஒற்றை வார்த்தையில்தான் பதில் வந்தது. லூதியானாச் சால்வை வந்தபோது அந்த அம்மா உட்கார்ந்து, பெரிய கதையே சொன்னார். வீட்டுக்காரர் இந்தி தெரியாமல் தலையைத் தலையை ஆட்டி, கேட்டதற்கு மேல் ஒரு லோடு அனுப்புவதாக ஒத்துக்கொண்டு வந்த கதை. வேல்சாமி சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடியில் வடகம் காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கீழே கட்டித் தயாராக இருந்த பையை யார் எப்போது பிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் கிளம்பும்போது அது அங்கே இல்லை.

அன்று அந்த அம்மா மருமகளிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது உறுத்தலாகத்தான் இருந்தது. தெருவெல்லாம் சொன்ன பழியை மாடியில் கதை சொல்லிக் கரைத்துவிட முடியுமா? கேட்கவும் வாய் வரவில்லை. பூச்சிக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள், பூச்சியைப் பார்த்தாயிற்று.

பொங்கலன்று நான் சிவகாசி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். சரியான கூட்டம். பொங்கல் பானைகளுக்கு நடுவே அந்த அம்மா வருவது தெரிந்தது, அவருக்குப் பக்கத்தில் கனகா. அதே அரக்குப் பட்டு. கோவில்பட்டியிலிருந்து வந்த அவள் அப்பாவும் பின்னால் நடந்து வந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் விடவில்லை.

“என்ன மதினி, இதுலதான மருமக மத்தாப்பு விட்டதா சொன்னீக? நல்லாத்தான இருக்கு?”

கனகா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா நின்றார். அதே பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் குரலில் பேசினார்.

“அது நான் சொன்ன பொய்யி. தெரியாமச் சொன்னேன், ஆனாப் பொய்யிதான். எம் பெட்டியில இருந்த பூச்சி தின்ன பட்டு இது. எம் மருமக கொளுத்தலைன்னா கொளுத்தல. அன்னிக்கு யார் யார்ட்ட சொன்னனோ, அம்புட்டுப் பேரும் கேட்டுக்கோங்க.”

 பானை பொங்குவதைக்கூட யாரும் பார்க்கவில்லை. கனகாவின் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணோ இன்னும் சேலையை மேலும் கீழும் துழாவிக்கொண்டிருந்தாள்.

“எங்கன மதினி ஓட்டை? ஒண்ணையும் காணமே?”

“தேடாத. நான் கட்டிவிட்ட கட்டு” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா கனகாவின் கையைப் பிடித்துக்கொண்டு சாமி பார்க்க நடந்தார்.